ஸ்போர்ட்ஸ் காருக்கு கையைக் கடிக்காத ரோடு டயர், எது எடுக்கலாம்?

வளைவுப்பிரியன்

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது முதல் தலைமுறை டொயோட்டா 86, செகண்ட் ஹேண்ட்ல எடுத்து எட்டு மாசம் ஆகுது. டயர் 215/45 ஆர்17, நாலும் ஒரே சைஸ். முன்னாடி ஓனர் போட்டிருந்த டயர்தான் இன்னும் ஓடிட்டு இருக்கு, பட்டன் பார்க்க நல்லாத்தான் இருக்கேன்னு நானும் கண்டுக்காம விட்டுட்டேன்.

போன வாரம் மழை விட்டு கொஞ்ச நேரத்துல ஒரு ரவுண்டானாவுல ரெண்டாவது கியர்ல மெதுவாத்தான் திரும்புனேன், ஆக்ஸிலேட்டர லேசா தொட்டதுதான் பின்பக்கம் சர்ருனு வழுக்கிட்டு போய் கார் பாதி திரும்பி நின்னுடுச்சு, நல்ல வேளை பக்கத்து லேன்ல யாரும் வரல. அன்னைக்கு ராத்திரியே டயர் தேட ஆரம்பிச்சுட்டேன், தேடத் தேட குழப்பம்தான் ஜாஸ்தி ஆகுது.

தினமும் ஆபீஸ் போய் வர 40 கி.மீ., லீவு நாள்ல மலைப்பாதை, வருஷத்துக்கு ஒரு தடவை ரேஸ் டிராக் பக்கம் போனா போவேன் இல்லன்னா இல்ல. டாப் டயர் நாலு வாங்குற அளவுக்கு இப்ப கையில காசு இல்ல. பேர் கேள்விப்படாத பிராண்டு ஒண்ணு அதுல மூணுல ஒரு பங்கு விலைக்கு கிடைக்குது, ஒருத்தர் டாப் டயரையே யூஸ்டுல பாதி பட்டனோட தர்றேங்கிறார், இன்னொரு ஃப்ரெண்டு 215க்கு பதிலா 225 மி.மீ. அகல டயர் போடு கிரிப் அள்ளும்ங்கிறான். எதை நம்புறது?

செமிஸ்லிக்

தல, ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிட்டு டயர்ல மிச்சம் பிடிக்கிறது பட்டு வேட்டி கட்டிட்டு பிளாஸ்டிக் செருப்பு போடுற மாதிரி. ட்ரெட்வேர் (தேய்மான நம்பர்) 200 போட்ட டயர் எடுங்க, ஃபால்கன் அஸெனிஸ் ஆர்டி615கே மாதிரி, அந்த வகையில அது ரொம்ப விலையும் இல்ல. ஸ்டியரிங் திருப்புனா கார் ரோட்டுல ஒட்டிக்கிட்டு வரும், ஒரு தடவை ஓட்டிட்டா அப்புறம் வேற எதுவும் பிடிக்காது. வேற யோசனையே வேணாம்.

பழைய ஸ்பானர்

பிராண்டு பேச்செல்லாம் அப்புறம் தம்பி. இப்ப போட்டிருக்கிற டயர் எந்த வருஷத்துதுன்னு பார்த்தீங்களா? சைடுவால்ல டிஓடின்னு ஆரம்பிக்கிற ஒரு நம்பர் வரிசை இருக்கும், அதோட கடைசி நாலு இலக்கம்தான் தேதி. 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் தயாரிச்சதுன்னு அர்த்தம். அந்த நாலு இலக்கம் ஒரு பக்கம் இருந்தாலே சட்டத்துக்கு போதும், அதனால டயரை மாட்டுனவன் உள்பக்கமா திருப்பி மாட்டியிருந்தா வெளியில நின்னு எவ்ளோ தேடினாலும் கிடைக்காது, படுத்து போனை உள்ள விட்டு போட்டோ எடுத்துத்தான் பார்க்கணும். பட்டன் எவ்ளோ இருந்தாலும் ரப்பர் வயசானா கெட்டியாகிடும், கட்டை விரல் நகத்தை வச்சு அழுத்துங்க, புது டயர்ல நகம் லேசா இறங்கும், வயசான டயர்ல செருப்போட அடி அட்டையை அழுத்துற மாதிரி இருக்கும். இது லேப் டெஸ்ட் இல்ல, ஆனா கைக்கு சொல்லிடும்.

அப்படியே குனிஞ்சிருக்கும்போதே உள்பக்க ஓரத்தையும் தடவிப் பாருங்க. வெளியில நின்னு பார்க்கும்போது நல்லா தெரியிற டயர் உள்ளே மொட்டையா இருக்கிறத நான் பாத்ததுக்கு கணக்கே இல்ல. பார்த்துட்டு சொல்லுங்க, பிறகு டயர் பேசலாம்.

மழைக்கோடு

செமிஸ்லிக் சொல்றதுல பாதி சரி, அந்த டயர் காய்ஞ்ச ரோட்டுல பிடிக்கும், அதுல சண்டையே இல்ல. ஆனா கேள்வி கேட்டவர் வழுக்குனது மழையில, ஓட்டுறது தினமும் ஆபீஸுக்கு. 200 வகை டயர்லாம் கொஞ்சம் சூடு ஏறுனாத்தான் வேலை செய்யும், காலையில வீட்டுல இருந்து கிளம்பி முதல் சிக்னல் வர்றதுக்குள்ள எங்க சூடு ஏறும். அதுல பெரும்பாலான டயர்ல தண்ணியை வெளியே தள்ளுற பள்ளமும் கம்மி, தேங்குன தண்ணிமேல ஏறுனா மிதக்க ஆரம்பிச்சுடும், சத்தம் வேற, தேய்மானமும் வேகம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தா சீப்பும் இல்ல.

அந்த 200ங்கிற நம்பரையே எல்லாரும் தப்பா பிடிச்சுக்கிறாங்க, அதனால கொஞ்சம் விளக்குறேன், பொறுத்துக்கோங்க. அது அமெரிக்க அரசாங்கத்தோட யுடிக்யூஜி மதிப்பீடு, ட்ரெட்வேர், ட்ராக்‌ஷன், டெம்பரேச்சர்னு மூணு. டெக்ஸாஸ்ல ஒரு குறிப்பிட்ட ரூட்ல 7,200 மைல், கிட்டத்தட்ட 11,600 கி.மீ. ஓட்டி, ஒரு பொது டயரோட ஒப்பிட்டு எவ்ளோ தேய்ஞ்சுதுன்னு பார்த்து நம்பர் போடுறாங்க. ஆனா நம்பரை போடுறது அந்தந்த கம்பெனியேதான், அதனால ஒரு கம்பெனி 300ம் இன்னொரு கம்பெனி 300ம் ஒண்ணு இல்ல, ஒரே கம்பெனிக்குள்ள ஒப்பிட்டா ஓரளவு அர்த்தம் இருக்கும். ட்ராக்‌ஷன்ல டபுள் ஏ, ஏ, பி, சின்னு இருக்கே அது ஈர ரோட்டுல நேர்கோட்டுல வீலை லாக் பண்ணி இழுத்துப் பார்க்கிறது மட்டும்தான், வளைவுல எப்படிப் பிடிக்கும்னு அந்த எழுத்து ஒரு வார்த்தை சொல்லாது. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300, டபுள் ஏ. ஃபயர்ஸ்டோன் ஃபயர்ஹாக் இண்டி 500 வந்து 340, ஏ. நம்பரை மட்டும் பார்த்தா ரெண்டும் பக்கத்து வீடு, ஈரத்துல ஓட்டிப் பார்த்தா முதல் டயர் ஒரு படி மேலதான். அந்த ஒரு படிக்கு அவ்ளோ காசு கொடுக்கணுமாங்கிறதுதான் இப்ப உங்க கேள்வியே.

என்னைக் கேட்டா அவ்ளோ காசு கொடுக்க வேணாம். பெரிய கம்பெனிகளோட ரெண்டாம் வரிசை பிராண்டைப் பாருங்க. ஃபயர்ஸ்டோன் பிரிட்ஜ்ஸ்டோனோடது, ஜெனரல் கான்டினென்டலோடது, பிஎஃப்குட்ரிச் மிஷெலினோடது, ஃபால்கன் சுமிடோமோவோடது. காம்பவுண்டு, அதாவது ரப்பர் கலவை, ஒரு தலைமுறை பழசா இருக்கலாம், ஆனா டெஸ்ட் பண்ற கூட்டமும் தரமும் அதே வீட்டு ஆளுங்க. அதுல 'மேக்ஸ் பர்ஃபாமன்ஸ் சம்மர்' வகை எடுங்க, அதுக்கு மேல இருக்கிற 200 வகை வேணாம், கீழ இருக்கிற, சொகுசு ஓட்டத்துக்கான டூரிங் வகையும் வேணாம். ஐரோப்பிய லேபிள் ஒட்டின டயரா கிடைச்சா ஈர கிரிப் எழுத்தை மட்டும் பாருங்க, 2021 மே மாசத்துல இருந்து ஏல ஆரம்பிச்சு ஈ வரைக்கும் அஞ்சு படி, ஏ அல்லது பியோட நிறுத்திக்கோங்க.

பேர் தெரியாத டயர் விஷயத்துல எனக்கு அனுபவம் உண்டு. முந்தி ஒரு ஹாட்ஹேட்ச்சுல (வேகமான சின்ன கார்) மாட்டினேன், முதல் ஆயிரம் கி.மீ. பிரமாதம்னு எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சேன், மழை வந்ததும் பிரேக்க மிதிச்சா ஏபிஎஸ் கடகடன்னு அடிச்சுட்டே இருக்கும் கார் போய்ட்டே இருக்கும். முன்னாடி நின்ன வண்டிக்கும் எனக்கும் நடுவுல ஒரு சைக்கிள் போற இடம்தான் மிச்சம். மூணு மாசத்துல கழட்டிப் போட்டேன். மொத்தத்துல ரெண்டு செட் காசு.

செமிஸ்லிக்

ரைட்டு விடுங்க, தினசரி ஓட்டம்னு படிக்காம எழுதிட்டேன். ஆனா டிராக்குக்குன்னு தனியா ஒரு செட் வீல் பின்னாடி வாங்குவீங்க, அப்ப என்னை நினைச்சுக்குவீங்க :)

வளைவுப்பிரியன்

ஸ்பானர் அண்ணா, பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். நாலுல மூணு டயர்ல தேதி 1114, நாலாவதுல 3516, அதுவும் வேற பிராண்டு! பின்பக்க ரெண்டுலயும் உள் ஓரம் ரெண்டு விரல் அகலத்துக்கு வழவழன்னு இருக்கு, ஒரு இடத்துல கம்பி எட்டிப் பார்க்குது. வெளிப்பக்கம் நின்னு பார்த்தா அஞ்சு மி.மீ. பட்டன் இருக்கு, அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். பின்பக்கம் ஸ்பிரிங் வேற கலர்ல இருக்கு, முன்னாடி ஓனர் காரோட உயரத்தை இறக்கியிருக்கார் போல, என்கிட்ட சொல்லவே இல்ல.

பழைய ஸ்பானர்

கம்பி தெரியுதா? அப்ப இன்னைக்கு சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து பஸ்ல வீட்டுக்குப் போங்க. சீரியஸா சொல்றேன்.

விஷயம் இப்ப தெளிவாயிடுச்சு. காரை இறக்குனா பின்பக்கம் கேம்பரும் (வீல் மேல கீழ சாயிற கோணம்) மாறும், டோவும் (மேல இருந்து பார்த்தா வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற கோணம்) மாறும். உள்பக்கம் தேய்ஞ்சா உடனே எல்லாரும் கேம்பரைத்தான் திட்டுவாங்க, ஆனா ஒன்றரை டிகிரி கேம்பர் தனியா அவ்ளோ ரப்பர் தின்னாது, டோ கெட்டாத்தான் இப்படித் தின்னும். ரெண்டு வீலும் நேரா உருளாம ஒவ்வொரு மீட்டருக்கும் கொஞ்சம் பக்கவாட்டுல இழுபடுதுன்னு வச்சுக்கோங்க, சாக்பீஸைத் தரையில சாய்ச்சு தேய்க்கிற மாதிரி. இதை சரி பண்ணாம உலகத்துலயே நல்ல டயர் மாட்டுனாலும் ஒரு வருஷத்துல இதே கதைதான். அதனால டயர் பட்ஜெட்ல இருந்து இந்தக் கோணத்தையெல்லாம் சரி பண்ற நாலு வீல் அலைன்மென்ட் காசை முதல்ல தனியா எடுத்து வைங்க, மாட்டின அன்னைக்கே பண்ணுங்க, சரி பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு, பண்ணின பிறகு ஒண்ணுன்னு ரெண்டு பிரின்ட் கேட்டு வாங்குங்க. சும்மா முன் வீலை மட்டும் பார்த்துட்டு ஓகே சார்னு அனுப்புற இடமா இருந்தா திரும்பி வந்துடுங்க.

யூஸ்டு டயர் வேணாம். பாதி பட்டன்னா நாலு மி.மீ., சட்டப்படி 1.6 மி.மீ. வரைக்கும் ஓட்டலாம்னாலும் மழையில 3 மி.மீ.க்குக் கீழ போனாலே தண்ணி தள்ளுற வேலை பாதி போயிடும், ஆக உங்களுக்கு கிடைக்கிறது உருப்படியா ஒரு மி.மீ. அதுக்கு பாதி விலையா? உள்ளே பஞ்சர் ஒட்டுனது, கல்லுல அடிச்சு உள் நூல் அறுந்ததெல்லாம் மாட்டினதுக்கப்புறம் தெரியவும் தெரியாது.

ரெண்டு இப்ப ரெண்டு அப்புறம்னு நினைச்சீங்கன்னா, சாதாரணமா புதுசு ரெண்டும் பின்னாடிதான் போகணும், பின்பக்கம் வழுக்குனா பிடிக்கிறது கஷ்டம். ஆனா உங்க முன் டயரும் 2014ங்கிறதால நாலையும் சேர்த்தே மாத்துங்க. நல்ல வேளை உங்களுக்கு நாலும் ஒரே சைஸ், முன்னாடி பின்னாடி மாத்தி மாத்திப் போட்டு ஓட்டலாம், சில கார்ல பின்னாடி அகலம்னு அந்த வசதியே இருக்காது.

காற்றழுத்தம்

225 பத்தி யாரும் சொல்லல. 225/45 ஆர்17 உங்க 7 இன்ச் ரிம்ல உட்காரும், தப்பு இல்ல, ஆனா விட்டம் 625 மி.மீ.ல இருந்து 634 ஆகும், ஒன்றரை சதவீதம் பெருசு, கியர் அவ்ளோ நீளமாகும், ஏற்கெனவே இறக்கின கார் வேற, வீலுக்கு மேல இருக்கிற ஃபெண்டர் தகட்டுல உரசுதான்னு பார்க்கணும். டயர் எடையும் ஏறும். 200 குதிரைத்திறன் காருக்கு 215 போதும். இன்னொண்ணு, இந்தக் காரோட ஒரிஜினல் டயரே மிஷெலின் பிரைமஸி எச்பி, டொயோட்டாவோட ஹைப்ரிட் கார் பிரையஸ்ல சில வேரியன்ட்ல வந்த அதே டயர், கார் ஜாலியா வழுக்கணும்னு டொயோட்டாவே வேணும்னு கிரிப் கம்மியா கொடுத்தது. அதனால ரெண்டாம் வரிசை சம்மர் டயர் போட்டாலே கம்பெனி டயரை விட மேலதான் போறீங்க, குறைச்சுக்கிட்டோமேன்னு கவலைப்பட வேணாம்.

குளிர் அதிகம் இருக்கிற பக்கமா இருந்தா மட்டும் ஒரு விஷயம், 7 டிகிரிக்குக் கீழ சம்மர் ரப்பர் கெட்டியாகும், அங்க இந்தப் பேச்சே வேற. லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்குற எடைக்கான நம்பர்) 87க்கு குறையாம, ஸ்பீடு எழுத்து டபிள்யூ போதும், அது 270 கி.மீ. வேகத்துக்கு.

வளைவுப்பிரியன்

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். இண்டி 500 நாலு எடுத்தேன், 215/45 தான். தேதி பார்த்துத்தான் வாங்கினேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அலைன்மென்ட்ல பின் இடது டோ எக்கச்சக்கமா வெளியே இருந்துச்சு, ஸ்கிரீன்ல சிவப்பு கலர் பார்த்துட்டு அந்தப் பையனே "எப்படி சார் ஓட்டுனீங்க"ன்னு கேட்டான்.

முதல் 300 கி.மீ. மெதுவா ஓட்டுனேன், புது டயர் மேல இருக்கிற வழவழப்பு போகணும்னு சொன்னாங்க. நேத்து நல்ல மழை, அதே ரவுண்டானா, அதே ரெண்டாவது கியர். வேணும்னே கொஞ்சம் மிதிச்சேன், பின்பக்கம் லேசா அசைஞ்சு "போதும்பா"ன்னு சொல்லிட்டு திரும்ப உட்கார்ந்துடுச்சு. சிரிச்சுட்டேன்.

ஒரே ஒரு குறை, ஸ்டியரிங் நடுவுல கொஞ்சம் சொதசொதன்னு இருக்கு, திருப்பினதும் உடனே பதில் வரமாட்டேங்குது. டயர் தப்பா எடுத்துட்டேனா?

மழைக்கோடு

தப்பா எடுக்கல. புது டயர்ல பட்டன் உயரமா இருக்கும், அந்த ரப்பர் கட்டைங்க நெளியிறதுதான் அந்த சொதசொதப்பு, கொஞ்சம் தேய்ஞ்சா குறையும். சைடுவாலும் டாப் டயர் அளவுக்கு விறைப்பு இல்ல, அது பழகிடும். அதுக்காக காத்தை ஏத்தி அடிச்சு ஓட்டாதீங்க, கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் அளவே போதும், அதுவும் காலையில கார் எடுக்கிறதுக்கு முன்னாடி பார்க்கணும், வெளி வெப்பம் 10 டிகிரி மாறுனா ஒன்றரை பிஎஸ்ஐ தானா மாறும்.

பழைய ஸ்பானர்

சந்தோஷம் தம்பி. வால்வு மாத்துனீங்களா?

வளைவுப்பிரியன்

எந்த வால்வு?

பழைய ஸ்பானர்

காத்து அடிக்கிற ரப்பர் வால்வு. அதுவும் 2014தான் உங்ககிட்ட.

வளைவுப்பிரியன்

அய்யோ.