டெஸ்க்டாப் மெசெஞ்சர் புது வெர்ஷன்: அப்டேட் குடுக்கலாமா, பழசுலயே ஓட்டலாமா?

தட்டச்சுப்பறவை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நாள் முழுக்க கம்ப்யூட்டர்ல ஒரு மெசெஞ்சர் ஆப் திறந்தே இருக்கும், மொபைல்ல டைப் பண்றது எனக்கு ஒத்தே வரல. இப்போ அந்த டெஸ்க்டாப் ஆப்புக்கு பெரிய அப்டேட் ஒண்ணு வந்திருக்கு, ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு மேல ஒரு பட்டை வந்து போகவே மாட்டேங்குது. புதுசா என்னென்னன்னு பாத்தா அனுப்பின மெசேஜை எடிட் பண்ணலாம், நேரம் குறிச்சு வச்சு அனுப்பலாம், சாட்டையெல்லாம் ஃபோல்டர் ஃபோல்டரா பிரிச்சுக்கலாம், கால்ல ஸ்க்ரீன் ஷேர் பண்ணலாம்னு போட்டிருக்காங்க. நல்ல விஷயங்கதான். ஆனா பக்கத்து சீட்டு பையன் ஏற்கனவே அப்டேட் பண்ணிட்டான், அவன் மெஷின்ல பாத்தா இடதுபக்க லிஸ்ட் மொத்தமா மாறிக் கிடக்கு, டாஸ்க் மேனேஜர்ல ஒரே ஆப் பேர்ல அஞ்சாறு வரி ஓடுது, ராமும் முன்னைவிட நல்லாவே இழுக்குது.

எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு. ஆட்டோ அப்டேட்டை ஆஃப் பண்ணிட்டு பழைய வெர்ஷன்லயே இருந்தா என்ன ஆகும்? அடுத்தது, வருஷக்கணக்கா பேசினது, வேலை ஃபைல் எல்லாமே அதுலதான் இருக்கு, அப்டேட்டுல அதுக்கு ஏதாவது ஆகுமா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நள்ளிரவுக்கோடர்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன். பழசுலயே இருக்காதீங்க.

மெசெஞ்சர் மத்த சாஃப்ட்வேர் மாதிரி கிடையாது நண்பா, யார் வேணா எந்த ஃபைலை வேணா உங்களுக்கு அனுப்பலாம், ஆப் அதைப் பிரிச்சுப் படம் காட்டிடும், நீங்க ஒண்ணும் கிளிக் பண்ணணும்னே இல்ல. 2023 செப்டம்பர்ல லிப்வெப்பின்னு ஒரு லைப்ரரில, அதாவது பல ஆப்பும் எடுத்துப் பயன்படுத்துற ரெடிமேட் கோடுல, பெரிய பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிச்சாங்க, வெப்பிங்கிற வகைப் படத்தைத் திறந்து காட்டுற லைப்ரரி அது. க்ரோம் பிரவுசர்ல இருந்தது, க்ரோமியத்தை, அதாவது க்ரோமுக்கு அடிப்படையான எஞ்சினை, உள்ள வச்சு எலெக்ட்ரான்ங்கிற கருவில செஞ்ச டெஸ்க்டாப் ஆப் எல்லாத்துலயும் அதே ஓட்டை, சிக்னல், ஸ்லாக், டிஸ்கார்ட் எல்லாமே எலெக்ட்ரான்தான். வேணும்னே கோணலா செஞ்ச ஒரு படம் வந்தாலே போதும்ங்கிற நிலைமை. பிரவுசரை மட்டும் அப்டேட் பண்ணினா ஆப்புக்குள்ள இருக்கிற ஓட்டை அடையாது, ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனியா அப்டேட் பண்ணியாகணும். 2025-லயும் வாட்ஸப்போட விண்டோஸ் ஆப்ல ஒரு குறை வெளிய வந்துச்சு, அட்டாச்மென்ட் பாக்க படம் மாதிரி தெரியும், திறக்கும்போது ஃபைல் பேரோட கடைசில இருக்கிற எக்ஸ்டென்ஷனை வச்சு புரோகிராமா ஓடக்கூடிய வாய்ப்பு. அதுக்கும் மருந்து புது வெர்ஷன்தான்.

லிஸ்ட் மாறினது நாலு நாள்ல பழகிடும். ரீஸ்டார்ட் குடுத்துடுங்க.

மூன்றாம்சாளரம்:

கோடர் அண்ணா சொன்னது சரி, ஆனா ரீஸ்டார்ட் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணை மட்டும் பாத்துக்கோங்க, ஏன்னா உங்க ரெண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமா படுது. உங்க மெசேஜ் உண்மையில எங்க இருக்குன்னு தெரியணும். ஆப்புக்கு ஆப் இது மாறும், இதைத் தெரிஞ்சுக்காம பிரச்சனைன்னதும் அன்இன்ஸ்டால் பண்ணி திரும்பப் போடுங்கன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

டெலிகிராம்ல சாதாரண சாட் எல்லாம் அவங்க சர்வர்லதான் இருக்கு, கம்ப்யூட்டர்ல இருக்கிறது வெறும் கேஷ், தற்காலிக காப்பி. ஆப்பைத் தூக்கிட்டு புதுசா போட்டு லாகின் பண்ணினா எல்லாம் திரும்ப வந்துடும், அதுக்கு விலை அந்த சாட்டெல்லாம் எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் இல்லாதது, அதாவது பேசுற ரெண்டு பேர் மட்டும் படிக்கிற மாதிரியான பூட்டு இல்ல. சீக்ரெட் சாட்டுக்கு மட்டும்தான் அந்தப் பூட்டு, அந்த சாட் விண்டோஸ் டெஸ்க்டாப் ஆப்ல கிடையவே கிடையாது.

வாட்ஸப்ல போன்தான் தலைமை. கம்ப்யூட்டரை லிங்க் பண்ணும்போது போன்ல இருந்து ஒரு காப்பி இங்க வருது. 2021-ல மல்டி டிவைஸ் வந்த பிறகு போன் ஆஃப்ல இருந்தாலும் இங்க மெசேஜ் வரும் போகும், நாலு டிவைஸ் வரைக்கும் லிங்க் பண்ணலாம், ஆனா 14 நாள் போனைத் தொடலைன்னா லிங்க் எல்லாம் தானா கழண்டுடும். அதனால முழு சாட்டுக்கும் போன்ல இருக்கிற பேக்கப்தான் ஆதாரம், கம்ப்யூட்டர் காப்பியை நம்பி போன்ல அழிச்சுடாதீங்க.

சிக்னல்ல இன்னும் கறார். சர்வர்ல உங்க சாட் ஹிஸ்டரி தானா சேராது, கம்ப்யூட்டர்ல இருக்கிறது அந்த டிஸ்க்ல இருக்கிற டேட்டாபேஸ்தான். முன்னாடியெல்லாம் புதுசா லிங்க் பண்ணினா டெஸ்க்டாப் காலியாத்தான் திறக்கும், பழைய மெசேஜ் ஒண்ணும் வராது. 2025-ல இருந்துதான் லிங்க் பண்ணும்போது போன்ல இருக்கிற ஹிஸ்டரியைக் கொண்டு வர்ற வசதி, படம் வீடியோவெல்லாம் கடைசி 45 நாளுக்குள்ளதுதான் வரும். என்னைக் கேட்டா சமீபத்துல எந்த மெசெஞ்சர்லயும் வந்த அம்சங்கள்ல இதுதான் பெருசு, ஸ்டிக்கர் இல்ல தீம் இல்ல. வேலைக்குப் பயன்படுத்துறவனுக்கு புது மெஷின்ல உக்காந்ததும் பழைய பேச்சு கண்ணு முன்னாடி இருக்கணும், அதுதான் வேணும்.

சாதாரண அப்டேட் இந்த டேட்டா ஃபோல்டரைத் தொடாது. அன்இன்ஸ்டாலும் லாக் அவுட்டும்தான் ஆபத்து.

பழையமோடம்:

மேல ரெண்டு பேரும் பாதுகாப்பைப் பத்திப் பேசிட்டாங்க, சரி. ஆனா தம்பி ராம் பத்திக் கேட்டதை யாரும் தொடல, பழகிடும்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல.

டாஸ்க் மேனேஜர்ல அஞ்சாறு வரி வர்றதுக்குக் காரணம், அந்த ஆப் உள்ளுக்குள்ள ஒரு பிரவுசர். விண்டோவுக்கு ஒரு பிராசஸ், கிராஃபிக்ஸுக்கு ஒண்ணு, நெட்வொர்க்குக்கு ஒண்ணுன்னு பிரிஞ்சுதான் ஓடும். எலெக்ட்ரான்னா ஒவ்வொரு ஆப்பும் தன் சொந்த க்ரோமியத்தை தூக்கிட்டு வரும், மைக்ரோசாஃப்டோட வெப்வியூ2-ல செஞ்சதுன்னா விண்டோஸ்ல இருக்கிற எட்ஜ் பிரவுசரோட எஞ்சினை பங்கு போட்டுக்கும். வாட்ஸப் 2022-ல பிரவுசர் இல்லாம விண்டோஸுக்குன்னே எழுதின நேட்டிவ் ஆப் குடுத்து, 2025-ல திரும்ப வெப்வியூ2-க்கு மாத்தினாங்க. கம்பெனிக்கு இதுல லாபம் இருக்கு, ஒரே கோடை எல்லா இடத்துலயும் ஓட்டலாம், புது அம்சம் எல்லாத்துக்கும் ஒண்ணா வரும். ஆனா குறைஞ்ச ராம் இருக்கிற மெஷின்ல உக்காந்து வேலை பாக்கிறவனுக்கு அது பாரம்தான், அதை மறைக்கக் கூடாது. டெலிகிராம் டெஸ்க்டாப் இன்னைக்கும் சி பிளஸ் பிளஸ் மொழியில, க்யூட்டிங்கிற கருவியை வச்சு பிரவுசர் இல்லாம எழுதினது, இத்தனை அம்சத்தோடவும் லேசா ஓடுது, அதனால நேட்டிவா செய்யவே முடியாதுன்னு யாராவது சொன்னா நான் ஏத்துக்க மாட்டேன். அப்டேட் பண்ணுங்க, கூடவே ஆப்புக்குள்ள இருக்கிற ஃபீட்பேக்ல ராம் விஷயத்தை எழுதிப் போடுங்க.

இன்னொண்ணு. யாஹூ மெசெஞ்சர் 2018 ஜூலை 17-ல மூடினாங்க, ஐசிக்யூ 2024 ஜூன் 26, ஸ்கைப் 2025 மே 5. ஒவ்வொண்ணுலயும் எத்தனை பேரோட எத்தனை வருஷப் பேச்சு. பிட்ஜின்னு ஒரு பழைய சாட் ஆப்ல பேசின காலத்துல லாக் எல்லாம் டாட் பர்ப்பிள்னு ஒரு ஃபோல்டர்ல சாதாரண ஃபைலா விழும், எந்த எடிட்டர்லயும் திறந்து படிக்கலாம். இப்போ எந்த ஆப்புக்கு அப்டேட் வந்தாலும் நான் முதல்ல தேடுறது பேச்சையெல்லாம் ஃபைலா வெளிய எடுத்து வச்சுக்கிற எக்ஸ்போர்ட் பட்டன் இருக்கான்னுதான்.

தட்டச்சுப்பறவை:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். மூன்றாம்சாளரம் சொன்ன மாதிரி பாத்தேன், நான் பயன்படுத்துறது சர்வர்லயே வச்சிருக்கிற வகைதான், மனசுக்கு நிம்மதி. அப்டேட் குடுத்துட்டேன். எடிட் வசதி மட்டும் சரியா புரியல, எப்போ வேணா திருத்தலாமா? அப்புறம் என்டர் தட்டினா பாதி மெசேஜ் போயிடுது, புது வரி வேணும்னா என்ன பண்றது?

மூன்றாம்சாளரம்:

எடிட்டுக்கு நேர வரம்பு இருக்கு. வாட்ஸப்ல 15 நிமிஷம், சிக்னல்ல 24 மணி நேரம், டெலிகிராம்ல 48 மணி நேரம். திருத்தினா எடிட்டட்னு ஒரு குறி எதிர்ல இருக்கிறவங்களுக்கும் தெரியும், சிக்னல்ல பழைய வடிவத்தையும் திறந்து பாக்கலாம். அதனால தொகையோ தேதியோ தப்பா போயிருந்தா கமுக்கமா திருத்தாம கீழ புது மெசேஜாவும் சொல்லிடறது நல்லது, முதல்ல வந்ததையே அவங்க நோட்டிஃபிகேஷன்ல படிச்சு வேலையை ஆரம்பிச்சிருப்பாங்க.

டெலிகிராம்லயும் ஸ்லாக்லயும் டைப் பண்ற பெட்டி காலியா இருக்கும்போது மேல் அம்புக்குறி தட்டினா கடைசியா அனுப்பினது எடிட்டுக்குத் திறக்கும், மவுஸே வேண்டாம். புது வரிக்கு ஷிஃப்ட் என்டர். கை மறந்து என்டரையே தட்டுதுன்னா டெலிகிராம் டெஸ்க்டாப்ல சாட் செட்டிங்ஸ்ல கண்ட்ரோல் என்டர் தட்டினாதான் போகணும்னு மாத்தி வச்சுக்கலாம், உங்க ஆப்லயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கான்னு பாருங்க.

பழையமோடம்:

அப்டேட் ஆயிடுச்சுன்னா அப்படியே எக்ஸ்போர்ட்டையும் முடிச்சிடுங்க தம்பி. டெலிகிராமா இருந்தா செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, கடைசில இருக்கும். படம், ஃபைலுக்கெல்லாம் தனித்தனி டிக் இருக்கு, வேலை ஃபைல் வேணும்னா அந்த டிக்கையும் சைஸ் அளவையும் கூட்டிக்கணும், இல்லைன்னா பெரிய ஃபைல் எல்லாம் விட்டுப் போயிடும். படிக்கிறதுக்கு எச்டிஎம்எல் வடிவம் போதும், பிரவுசர்லயே திறக்கும்.