பெல்ட் போட்டும் ராத்திரி கை மரத்துப்போவது நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி:
அம்மாவுக்கு 52 வயசு, தையல் வேலை. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் மரத்துப்போகுது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து கையை உதறினால்தான் அடங்குது. கார்பல் டனல்னு (மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது) டாக்டர் சொல்லிட்டார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கின மணிக்கட்டு பெல்ட்டும் நரம்பு மாத்திரையும் மூணு வாரமா ஓடுது, பெரிய மாற்றமில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறாங்க. ஆபரேஷன்தான் வழியா?

பதில் 1 (பிசியோதெரபி):
முதலில் சுண்டுவிரலைக் கேளுங்க. அதுவும் மரத்தால் அழுத்தம் வேறு நரம்பில், பெரும்பாலும் முழங்கையில். கழுத்தைத் திருப்பும்போது வலி கைக்கு இறங்கினால் கழுத்தையும் பார்க்கணும். நீங்க சொன்ன மூணு விரலும், கையை உதறினால் அடங்குவதும் கார்பல் டனலுக்குப் பொருந்துது.

மணிக்கட்டில் எலும்புகளுக்கும் மேலே குறுக்கே ஓடும் கெட்டியான பட்டைக்கும் நடுவே ஒரு குறுகிய வழி. அதற்குள் விரல் மடக்கும் 9 தசைநாண்களும், நீங்க சொன்ன மூணு விரலுக்கும் உணர்வு தரும் மீடியன் நரம்பும் நெருக்கிக்கிட்டுப் போகுது. மணிக்கட்டு உள்பக்கம் மடங்கினாலும் வெளிப்பக்கம் வளைந்தாலும் அங்கே அழுத்தம் ஏறும். தூக்கத்தில் கை மடங்கிக் கிடப்பதால்தான் ராத்திரியில் தொந்தரவு அதிகம்.

இப்ப அந்த பெல்ட்டை எடுத்துப் பாருங்க. உள்ளங்கைப் பக்கம் துணி உறைக்குள்ள ஒரு அலுமினியத் தகடு இருக்கும். கடையில் கிடைக்கும் பலதில் அது 20–30 டிகிரி மேல்நோக்கி வளைஞ்சே வரும். வேறு சில மணிக்கட்டுத் தொந்தரவுக்கு அது சரி, இதுக்கு ஆகாது. தகட்டை உருவி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நேராக்கி, திரும்பச் செருகுங்க. போட்டதும் முன்கையும் புறங்கையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கணும். பட்டிக்கு அடியில் ஒரு விரல் நுழையணும். இறுக்கிக் கட்டினால் அதுவே நரம்பை அழுத்தும். விரல்கள் தடையில்லாம மடங்கணும். தகடே இல்லாத இலாஸ்டிக் பெல்ட்னா மாத்திடுங்க, அது மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்தாது.

ராத்திரி தவறாமல் 6 வாரம். வளைஞ்ச தகட்டோட போன மூணு வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீங்க. எண்ணெய் போட்டு மணிக்கட்டை அழுத்தித் தேய்க்கவே வேண்டாம்.

பதில் 2 (தையல் பயிற்சி தருபவர்):
பகலில் கெடுப்பது பெரும்பாலும் கத்திரிதான். முனை மழுங்கின கத்திரிக்கு ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதல் பிடி தேவை, சாணை பிடிச்சிடுங்க. மேசை மார்பு உயரத்தில் இருந்தால் துணியைத் தள்ளும்போது மணிக்கட்டு மடங்கும். முழங்கை உயரத்துக்கு இறக்கணும், இல்லைனா நாற்காலியை ஏத்தணும். ஜீன்ஸ் மாதிரி கனத்த துணியைத் தொடர்ந்து வெட்டாமல் 20–30 நிமிஷத்துக்கு ஒருமுறை கையைத் தளர விடணும். ஈரத்துணி முறுக்கிப் பிழியறதும் தேங்காய் துருவுறதும் இந்த ஆறு வாரம் வேற யாராவது பார்த்துக்கட்டும். இறுக்கமான வளையலைக் கழட்டிடுங்க.

பதில் 3 (மருத்துவர்):
சர்க்கரை இருப்பவர்களுக்கு இது அதிகம் வரும், தைராய்டு குறைவிலும் வரும். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), டிஎஸ்ஹெச் (தைராய்டு) இரத்தப் பரிசோதனைகளைப் பாருங்கள். மெட்ஃபார்மின் பல வருடம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். அதையும் சேர்த்துப் பாருங்கள், குறிப்பாகக் காலும் மரத்தால். நரம்பு மாத்திரைகளில் வைட்டமின் பி6 எவ்வளவு என்று அட்டையைப் படியுங்கள். அழுத்தத்தை அது குறைக்காது, அதிக அளவில் பல மாதம் எடுத்தால் அதுவே மரமரப்பைக் கொண்டுவரும்.

பெல்ட் போதவில்லை என்றால் அடுத்தது மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி. நிவாரணம் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை. சிலருக்குத் திரும்ப வரும். ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால் வீட்டில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
நன்றி. தகடு வளைஞ்சுதான் இருந்தது, நேராக்கிட்டேன். சுண்டுவிரல் மரக்கலை. ஆனா பட்டன் போட, ஊசியில் நூல் கோக்க சிரமப்படுறாங்க. அதுவும் ஆறு வாரத்தில் சரியாகுமா?

பதில் 3 (மருத்துவர்):
இதற்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். இரண்டு உள்ளங்கைகளையும் அருகருகே வைத்து, கட்டைவிரல் அடியில் உள்ள சதை மேட்டைப் பாருங்கள். வலது பக்கம் தட்டையாகி இருந்தாலோ, கட்டைவிரலை உள்ளங்கைக்கு நேர்மேலே தூக்கும்போது வலு குறைந்திருந்தாலோ, நாள் முழுவதும் மரமரப்பு நீடித்தாலோ, நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் மின்சமிக்ஞை எப்படிப் போகிறது என்று பார்ப்பது) செய்துகொண்டு கை அறுவை மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். சர்க்கரையால் வந்த பொதுவான நரம்புப் பாதிப்பா, மணிக்கட்டில் மட்டும் அழுத்தமா என்பதும் அந்தச் சோதனையில் பிரியும். கரைந்த சதை பல சமயம் முழுதாகத் திரும்பாது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அறுவையில் அந்தக் குறுக்குப் பட்டையை வெட்டி வழியை அகலமாக்குவார்கள். பெரும்பாலும் கையை மட்டும் மரக்கவைத்துச் செய்வது, அன்றே வீடு திரும்பலாம். தையல் 10–14 நாளில் பிரிப்பார்கள். ராத்திரி வலி சீக்கிரம் போகும், விரல் உணர்வு திரும்பப் பல மாதம் ஆகலாம். உள்ளங்கையை ஊன்றினால் வலிப்பது சில மாதம் இருக்கலாம். அது அறுவை தோற்றதன் அறிகுறி அல்ல. கத்திரியை எப்போது பிடிக்கலாம் என்பதை அறுவை செய்தவரிடமே கேளுங்கள்.