வீதிக்குக் கீழே உள்ள வீடு: பனிமூட்டத்தில் படிகளுக்கு எப்படி விளக்கு அமைப்பது?

தலவாக்கலை மகள்

வணக்கம். தலவாக்கலைக்கு அருகே 7 பேர்ச் காணியில் நாங்கள் கட்டிவரும் வீடு, வீதியிலிருந்து 26 படிகள் கீழே, தேயிலை மலையை ஒட்டி இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய அம்மா விடியுமுன்பே எழுந்து வெளியே நடமாடுபவர். தம்பி வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குத்தான் படியிறங்குவான். கூரை விளிம்பில் 50 வாட் ஃப்ளட் லைட் ஒன்றைப் பூட்டிப் படிகளை நோக்கித் திருப்பிவிட்டால் போதும் என்கிறார் வயரிங் செய்பவர். ஆனால் அப்படியொரு விளக்குள்ள பக்கத்து வீட்டுக்குப் பனிமூட்ட நாளில் போனால், எதிரே வெள்ளைச் சுவர் எழுந்து நிற்பதுபோல் இருக்கிறதே தவிர, காலடியில் படி தெரிவதில்லை. மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்கிறார்களே, அது உண்மையா? சுவர்ப் பூச்சு தொடங்குமுன் முடிவெடுக்க வேண்டும்.

ஹட்டன் மின்வேலையாளர்

தங்கச்சி, பூச்சுக்கு முன்பே கேட்டது மிக நல்லது. பனிமூட்டம் என்பது மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள்தான். கண்மட்டத்துக்கு மேலிருந்து எதிரே வீசும் ஒளி அத்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வருகிறது. வாட்டைக் கூட்டினால் அந்த வெள்ளைச் சுவர்தான் தடிக்கும். துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. ஆகவே மஞ்சள் நிறத்துக்குத் தனிச் சலுகை இல்லை. இருந்தாலும் 2700 அல்லது 3000 கெல்வின் என்று குறித்த, மஞ்சள் சாயலுள்ள விளக்கையே வாங்குங்கள், மழைக்குப் பின் பூச்சிகள் மொய்ப்பது குறையும்.

படியோரச் சுவரில், படியிலிருந்து ஓரடி உயரத்தில், நான்கு படிக்கு ஒன்றாக, மேல்பக்கம் மூடி ஒளி கீழே மட்டும் விழும் 3 வாட் விளக்குகள் ஏழு போதும். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை எரிந்தாலும் மாதத்துக்கு ஏறக்குறைய ஏழரை யுனிட்தான்; அந்த 50 வாட் விளக்கோ 18 யுனிட் எடுக்கும்.

விளக்குகள் தூசியும் நீர்த்தாரையும் உட்புகாத ஐபி65 தரத்தில் இருக்கட்டும். வயரை மேலிருந்து நேரே விளக்குக்குள் விடாமல், சற்றுக் கீழே தொங்கவிட்டு அடிப்பக்கமாக ஏற்றச் சொல்லுங்கள். வயர் வழியே வழியும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். நம் பக்கத்து வெளிவிளக்குகளில் நான் பார்த்த பழுதில் பெரும்பகுதி இந்த ஒன்றைக் கவனிக்காததால் வந்ததுதான். மண்ணுக்கடியில் போகும் இடத்தில் உலோகக் கவசமுள்ள ஆர்மர்ட் கேபிள் போட்டு, முழு வெளிச்சுற்றையும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சின் கீழ் கொண்டுவாருங்கள். ஈரத் தரையில் வெறுங்காலுடன் அம்மா நடக்கும் இடம் அது; இதில் மட்டும் செலவைப் பார்க்க வேண்டாம்.

அப்புத்தளை ஆசிரியை

மேலே சொன்னதுடன், படி விளிம்புகளில் வெள்ளைப் பெயின்ட் கோடும் ஒரு கைப்பிடியும் சேருங்கள். என் அம்மாவுக்கு விளக்கைவிட அவைதாம் அதிகம் உதவின. சூரிய விளக்குகளை நம்பிப் படிகளை விடாதீர்கள். எங்கள் பக்கம் வடகீழ்ப் பருவமழையில் அவை நள்ளிரவுக்கு முன்பே மங்கிவிட்டன; தென்மேல் மழை பிடிக்கும் உங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் அதே நிலைதான் இருக்கும்.

தலவாக்கலை மகள்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஃப்ளட் லைட்டை விட்டுவிடுகிறோம். தேயிலைப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் இருப்பதால் பின்வளவில் சென்சர் விளக்கு ஒன்று போடலாமா?

ஹட்டன் மின்வேலையாளர்

போடலாம், ஆனால் சிறுத்தையை அது விரட்டும் என்று எண்ண வேண்டாம். நாயை இரவில் உள்ளே கட்டுவதும், வளவோரப் புதரை வெட்டுவதுமே பயன் தரும். சென்சர் உடல் வெப்பத்தின் அசைவைப் பிடிப்பது. நேரே அதை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை விரைவில் உணரும். ஆகவே நடைபாதையின் பக்கவாட்டில் பூட்டுங்கள். அடர்ந்த பனியில் அதன் எட்டும் தூரம் குறைந்துவிடும் என்பதால், படி விளக்குகளைச் சென்சரில் விடாமல், இரு இடத்திலிருந்தும் போடவும் அணைக்கவும் முடியும்படி, வீதியருகே ஒன்றும் இஸ்தோப்பில் (வீட்டு விறாந்தையில்) ஒன்றுமாக இருவழிச் சுவிட்ச் வையுங்கள். அதற்கான பைப்பைப் பூச்சுக்கு முன்பே சுவரில் பதித்துவிடச் சொல்லுங்கள்.