யூரின் டியூப் ஓரமாகக் கசிகிறது: பெரிய சைஸ் போடலாமா?

கேள்வி:
மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நோயாளி. வயது 70, பக்கவாதம், படுத்த படுக்கை. 16 சைஸ் லேடெக்ஸ் ஃபோலி (நுனியில் உள்ள நீர் நிரப்பிய பலூனால் உள்ளே நிற்கும் யூரின் டியூப்), மாற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பையில் கொஞ்சம்தான் இறங்குகிறது, மீதி டியூப் ஓரமாகக் கசிந்து துணியெல்லாம் நனைகிறது. சிறுநீர் கலங்கல், காய்ச்சல் இல்லை. "20 போட்டா நின்னுடும்" என்று வீட்டார் பிடிவாதம். சலைன் விட்டுக் கழுவலாமா, மாற்றிவிடலாமா?

பதில் 1:
20 வேண்டாம் சிஸ்டர். தடித்த டியூப் சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும், சுருக்கம் கூடும், கசிவும் கூடும். நீர்த்தாரையில் (சிறுநீர் வெளியேறும் பாதையில்) புண் வருவது தனி.

முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். யூரின் பை கடைசியாக எப்போது நிரம்பியது என்று கேளுங்கள். வயிறு உப்பி, பல மணி நேரமாக ஒன்றுமே இறங்கவில்லை என்றால் அது அடைப்பு. கழுவி நேரத்தைக் கடத்தாமல் டியூபை மாற்றுங்கள். கழுவும்போது மூடிய இணைப்பைத் திறக்கிறோம், கிருமி உள்ளே போக அதுவே வழி.

இறங்கிக்கொண்டேதான் கசிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் வெளியே இருக்கும். டியூப் தொடைக்கடியில் மடங்கியிருக்கும், பையைக் கட்டில் மேலேயே வைத்திருப்பார்கள், அல்லது பலூனில் 10 எம்.எல்.லுக்கு மேல் நீர் இருக்கும். எல்லாவற்றுக்கும் முன் மலம் கழித்து எத்தனை நாள் என்று கேளுங்கள். இறுகிய மலம் டியூபை அழுத்தும். படுக்கை நோயாளிகளிடம் அடிக்கடி தவறவிடுவது இதைத்தான். இத்தனையும் சரியாக இருந்தும் கசிந்தால் சிறுநீர்ப்பைச் சுருக்கத்துக்கான மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பதில் 2:
கழற்றிய டியூபை எறிவதற்கு முன், கையுறையோடு நுனியை விரலிடையே உருட்டிப் பாருங்கள். மணல் போல நறநறத்தால் உப்புப் படிவு. புரோட்டியஸ் போன்ற கிருமிகள் யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்குவதால் வருவது. அப்படிப்பட்டவருக்கு முழு சிலிக்கான் டியூப் நல்லது. அதே 16-இல் லேடெக்ஸைவிட உட்துளை அகலம். பொதுவாக 12 வாரம் வரை வைக்கலாம், ஆனால் அடைக்கும் நோயாளிக்கு அந்தக் கணக்கு செல்லாது. மாற்றிய தேதியையும் அடைத்த தேதியையும் நோட்டில் எழுதிவையுங்கள். 15-ஆம் நாள் வாக்கில் அடைக்கிறது என்றால் 12-ஆம் நாளே மாற்றுங்கள்.

கலங்கல் மட்டும் இருந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். நெடுநாள் டியூப் போட்ட எல்லோருக்குமே சிறுநீரில் கிருமி இருக்கும். காய்ச்சல், நடுக்கம், புதிதாகக் குழப்பம் வந்தால் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனை). அதையும் பையிலிருந்து எடுக்காதீர்கள், புது டியூப் போட்டு அதிலிருந்து எடுங்கள்.

கேட்டவர்:
மலம் போய் ஐந்து நாளாம். வயிறு உப்பவில்லை. மலச்சிக்கலை முதலில் பார்க்கிறேன். மாற்ற வேண்டி வந்தால் ஒரு பயம்: போன முறை பலூன் நீர் வெளியே வரவே அடம்பிடித்தது.

பதில் 1:
சிரிஞ்சால் வேகமாக இழுத்தால் உட்குழாய் ஒட்டிக்கொள்ளும். சிரிஞ்சை மாட்டிவிட்டு விடுங்கள், நீர் தானாக ஏறும். வராவிட்டால் 2 எம்.எல். ஸ்டெரைல் வாட்டர் உள்ளே விட்டு மறுபடி பாருங்கள். பலூனில் சலைன் போட்டிருந்தால் உப்பு படிந்து அடைக்கும், அதனால் எப்போதும் ஸ்டெரைல் வாட்டர்தான். அப்படியும் வராவிட்டால் டியூபை வெட்டவோ பலூனை உடைக்கவோ வேண்டாம். துண்டு உள்ளே தங்கிவிடும். ஜி.எச்.சுக்கு அனுப்புங்கள்.

புதிது போடும்போது மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல்லி விட்டு 3 முதல் 5 நிமிடம் பொறுங்கள். சிறுநீர் வந்ததும் நிறுத்தாமல் டியூப் இரண்டாகப் பிரியும் ஒய் பிரிவு வரை தள்ளிவிட்டுத்தான் பலூனை நிரப்ப வேண்டும். நிரப்பும்போது வலியால் முகம் சுளித்தால் நிறுத்துங்கள், பலூன் நீர்த்தாரையில் இருக்கிறது. முடிந்ததும் முன்தோலைப் பழையபடி இழுத்துவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வீங்கி இறுகிவிடும்.

பதில் 3:
இவருக்குப் பொருந்தாது, ஆனால் தண்டுவடக் காயம் உள்ளவரைப் பார்ப்பவர்களுக்கு: மார்புப் பகுதி முதுகெலும்பில் 6-ஆம் எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் என்றால் டியூப் அடைப்பே உயிருக்கு ஆபத்து. திடீர்த் தலைவலி, முகம் சிவந்து வியர்வை, ரத்த அழுத்தம் ஏறும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து அடைப்பை நீக்குங்கள். அழுத்தம் இறங்காவிட்டால் 108.