குத்துவாள் பொறித்த 45ஆம் ஸ்குவாட்ரன் பேட்ச் எந்தக் காலத்தது?

வெலிங்டன்வாசி:
நீலகிரியின் வெலிங்டனில் ராணுவச் சீருடை தைத்து வந்த என் தந்தையின் தகரப் பெட்டியில், உள்ளங்கை அளவில் வட்டமான எம்பிராய்டரி பேட்ச் ஒன்று கிடைத்தது. நடுவே குத்துவாள், அதன் கீழே 45, ஓரத்தில் ஒரு மிக்-21 போர்விமானம். சூலூரில் தேஜஸ் போர்விமானம் ஓட்டும் ஸ்குவாட்ரனின் (விமானப்படைப் பிரிவின்) எண்ணும் 45தான் என்கிறான் மகன். அப்படியானால் இதில் மிக்-21 எப்படி வந்தது? இது உண்மையிலேயே பழையதா, அண்மையில் யாரோ நினைவுப்பொருளாகத் தைத்ததா?

சூலூர்க்காரர்:
விமானம் ஓய்வு பெற்றாலும் ஸ்குவாட்ரனின் எண்ணும் பெயரும் சின்னமும் ஓய்வு பெறுவதில்லை, ஐயா. 'ஃப்ளையிங் டேகர்ஸ்' என்னும் 45ஆம் ஸ்குவாட்ரன் 1959இல் வாம்பயர் விமானங்களோடு தொடங்கியது. 1965 செப்டம்பர் 1 அன்று சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகளைத் தாக்க அனுப்பப்பட்ட அந்தப் பழைய விமானங்களில் நான்கு அன்று மாலையே வீழ்ந்தன. பின்னாளில் மிக்-21க்கு மாறி, 1999 ஆகஸ்ட் 10 அன்று கட்ச் பகுதியில் பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் என்னும் கண்காணிப்பு விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதும் இதே பிரிவுதான். 2002இல் இதை 'நம்பர் பிளேட்' செய்தார்கள், அதாவது விமானமும் ஆளும் இல்லாமல் பெயரை மட்டும் பத்திரப்படுத்தி வைத்தார்கள். 2016 ஜூலை 1 அன்று பெங்களூருவில் தேஜஸோடு மீண்டும் உயிர்பெற்ற பிரிவு, 2018இல் சூலூருக்கு வந்தது. அங்கேயே 2020இல் தேஜஸ் பெற்ற 18ஆம் ஸ்குவாட்ரனின் கதையும் இதுதான்; விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்ராவைப் பெற்ற நிர்மல்ஜித் சிங் செகோன் 1971இல் அந்தப் பிரிவின் நாட் விமானத்தில்தான் போரிட்டு மாண்டார்.

ஆகவே மிக்-21 இருப்பதால் உங்கள் பேட்ச் 2002க்கு முந்தையதாக இருக்கலாம். ஆனால் படத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய விமானத்தைப் போட்டு இன்றைக்கும் தைத்துக் கொடுக்கிறார்கள்.

கோத்தகிரி ஊசிநூல்:
பேட்சைத் திருப்பிப் பாருங்கள். தையலின் உண்மை பின்பக்கத்தில்தான் இருக்கும் (நம் நீலகிரித் தோடர்கள் பூத்துக்குளி என்னும் பூவேலைப் போர்வையில் முரட்டுப் பக்கத்தையே முகமாகக் கொள்வதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்). இயந்திரத் தையலானால் அடியில் பாபின் நூலே (இயந்திரத்தின் அடிக்கண்டிலிருந்து வரும் நூல்), பெரும்பாலும் வெள்ளையாக, தெரியும். கைத்தையலானால் முன்பக்கத்து நிறங்களே முடிச்சுகளோடு பின்னாலும் தெரியும். வெல்க்ரோ இருக்கிறதா, அல்லது ஓரத்தில் ஊசித் துளைகள் இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். புற ஊதா விளக்கில் நூல் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையேற்றிய செயற்கை நூல் என்று ஐயப்படலாம், ஆனால் சலவைத்தூளும் அப்படி ஒளிரும் என்பதால் அதை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம். எக்காரணம் கொண்டும் துவைத்துவிடாதீர்கள்; சிவப்பு நூல் சாயம் விட்டால் குத்துவாள் கைப்பிடி முழுவதும் பாழ்.

வெலிங்டன்வாசி:
பார்த்தேன், அம்மா. பின்பக்கம் முழுவதும் வெள்ளை நூல், வெல்க்ரோ இல்லை. ஓரத்தைச் சுற்றி ஊசித் துளைகள், அவற்றில் மூன்று இடங்களில் கரும்பச்சை நூல் துணுக்குகள் இன்னும் சிக்கியிருக்கின்றன. விமானியின் ஓவரால்ஸிலிருந்து பிரித்தெடுத்தது போலத்தான் தெரிகிறது. இங்குள்ள ராணுவ ஸ்டாஃப் காலேஜில் படிக்க வரும் அதிகாரிகள் பழைய பேட்சைப் பிரித்துவிட்டுப் புதியதைத் தைக்கச் சொல்லித் தந்தையிடம் வருவதுண்டு.

கோத்தகிரி ஊசிநூல்:
அப்படியானால் அந்தத் துணுக்குகளைப் பிடுங்கிவிடாதீர்கள், உடையில் தைத்திருந்ததற்கு அவைதான் அடையாளம். பிளாஸ்டிக் உறை வேண்டாம், குன்னூர்ப் பக்கத்து மூடுபனிக்கு உள்ளேயே பூஞ்சை பிடித்துவிடும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, தகரப் பெட்டிக்கு வெளியே வையுங்கள்.