45 நிமிட கேஸ் ஸ்டடி அமர்வு: காற்றும் திறந்தவெளி மேடையும் – எதைச் சொல்ல, எதை விட?

மேடைப்பலகை:

வணக்கம். நிகழ்ச்சித் தயாரிப்புத் துறையில் இருப்பவர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் எனக்கு 45 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கேட்க வருபவர்கள் சுமார் 80 பேர். புரொடக்‌ஷன் மேனேஜர், ரிக்கர் (மேடைக்கு மேலே பாரங்களைத் தொங்கவிடுபவர்), ஒலி, ஒளி, கூட்டப் பாதுகாப்பு எல்லாம் கலந்து இருப்பார்கள். தலைப்பு: திறந்தவெளி மேடையும் மோசமான வானிலையும். 2011 இண்டியானா மாநிலக் கண்காட்சி மேடைச் சரிவை மையமாக எடுக்கலாம் என்று இருக்கிறேன். விசாரணை அறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன, அதனால் ஊகத்துக்கு வேலை இல்லை.

இந்த மாதிரி அமர்வுகள் பெரும்பாலும் மேடை சரியும் வீடியோவைப் போட்டு, "எல்லாரும் கவனமாக இருங்கள்" என்று முடிந்துவிடுகின்றன. கேட்டவர்கள் திரும்பிப் போய் அடுத்த நிகழ்ச்சியின் திட்டத்தில் ஒரு வரியாவது மாற்ற வேண்டும். அதற்கு எந்தக் கணக்குகளைப் போட்டுக் காட்டுவது? நேரத்தை எப்படிப் பிரிப்பது? பயிற்சி ஏதாவது செய்யவைக்க முடியுமா?

ரன்ஷீட்:

கடிகாரத்தை மையமாக வைத்துச் சொல்லுங்கள். 2011 ஆகஸ்ட் 13, இண்டியானாபோலிஸ். கடும் இடிமழை எச்சரிக்கை இரவு 8:39-க்கு வருகிறது. 8:46-க்கு மேடைக் கூரை சரிகிறது. 7 பேர் உயிரிழந்தார்கள். இடையில் இருந்தது 7 நிமிடம். முதல் ஸ்லைடில் "8:39" என்று மட்டும் போட்டு, "இப்போது யார் நிறுத்தச் சொல்வது?" என்று கேளுங்கள். ஒரு நிமிடம் அமைதியாக விடுங்கள். அறையில் பத்து விதமான பதில் வரும். அன்றும் நிலைமை அதுதான்: நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாருக்கு என்பது தெளிவாக இல்லை என்பது 2012-ல் வந்த அறிக்கைகளின் முக்கியமான முடிவுகளில் ஒன்று.

அறிக்கைகள் இரண்டு. ஒன்று தயார்நிலையையும் முடிவெடுத்த முறையையும் பார்க்கிறது, மற்றது கட்டமைப்பு எப்படி விழுந்தது என்பதை. இரண்டையும் ஒரே கதையாகக் குழைத்துவிட்டால் கேட்பவர்கள் "காற்று அடித்தது, விழுந்தது" என்று மட்டும் எடுத்துக்கொள்வார்கள். கட்டமைப்பும் போதவில்லை, முடிவும் வரவில்லை. இரண்டில் ஒன்று சரியாக இருந்திருந்தாலும் விளைவு வேறாக இருந்திருக்கும்.

2012 டொரொண்டோ மேடைச் சரிவை இதோடு சேர்க்காதீர்கள். அது வாசல் திறக்கும் முன்பே, காற்றுக்குச் சம்பந்தமில்லாமல், தாங்கும் கட்டமைப்பின் வடிவமைப்புக் குறையால் நடந்தது. தனி அமர்வுக்கான விஷயம்.

நேரம்: நடந்தது 5 நிமிடம், கட்டமைப்புக் கணக்கு 10, வெளியேற்றக் கணக்கு 8, பயிற்சி 15, கேள்விகள் 7. சரியும் வீடியோ வேண்டவே வேண்டாம். அதைப் பார்த்த பிறகு யார் காதிலும் எண் ஏறாது. சரிவுக்கு முந்தைய நிலையைக் காட்டும் ஒரு படம், ஸ்டே வயர்கள் (கூரையைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள்) எங்கே போய்க் கட்டப்பட்டிருந்தன என்று அம்புக்குறி போட்டு, அது போதும்.

ஸ்டே_வயர்:

அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரே ஒரு எல்.இ.டி. சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம், 24 சதுர மீட்டர். வெள்ளைப் பலகையில் கையால் போடுங்கள், ஸ்லைடில் வேண்டாம்.

காற்றழுத்தம் = 0.613 × வேகம் × வேகம். வேகம் நொடிக்கு மீட்டரில், விடை சதுர மீட்டருக்கு நியூட்டனில். தட்டையான பரப்புக்கு இழுவைக் காரணி (வடிவத்தைப் பொறுத்து அழுத்தத்தைப் பெருக்கும் எண்) 1.3 என்று வைத்துக்கொண்டால், 10 மீ/நொடி காற்றில் அந்தச் சுவரைத் தள்ளும் விசை சுமார் 1,900 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 195 கிலோ எடைக்குச் சமம். 20 மீ/நொடியில் எவ்வளவு என்று கேளுங்கள். பலர் 390 என்பார்கள். சரியான விடை 780. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. இந்த ஒன்று புரிந்தால், "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து பாரம், அதாவது ஸ்டே வயரைத் தரையில் பிடித்துவைக்கும் எடை. இண்டியானாவில் ஸ்டே வயர்கள் சாலைத் தடுப்புக்கு வைக்கும் கான்கிரீட் கட்டைகளில் கட்டப்பட்டிருந்தன. இழுப்பைத் தாங்காமல் கட்டைகள் நகர்ந்தன. ஏன் என்பதற்கு இதே சுவர் போதும். 780 கிலோ விசை முழுவதும் ஸ்டே வயர் வழியாகவே தரைக்கு வருகிறது என்று வையுங்கள். ஈரப் புல்லில் கான்கிரீட்டின் உராய்வுக் காரணி 0.3 என்றால், நகராமல் இருக்க 780 ÷ 0.3 = 2,600 கிலோ வேண்டும். இதோடு நிறுத்திவிடுபவர்கள் நிறைய. வயர் 45 டிகிரியில் போகிறது, அதனால் கட்டையை அது பக்கவாட்டில் இழுக்கிற அதே அளவுக்கு மேலேயும் தூக்குகிறது. அந்த 780-ஐயும் சேர்த்தால் 3,380 கிலோ. இன்னும் பாதுகாப்புக் காரணி எதுவும் போடவில்லை.

கட்டைக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் உராய்வு கூடும். ஆனால் மழைக்குப் பிறகு மண் இளகினால் விரிப்போடு சேர்ந்தே சறுக்கும். தண்ணீர்த் தொட்டியைப் பாரமாக வைத்தால் நிரம்பியிருக்கிறதா என்று தினமும் பார்த்துக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும்.

காற்றுவேகமானி பற்றியும் ஒரு நிமிடம். அது கூரையின் உச்சியில், எதுவும் மறைக்காத இடத்தில் இருக்க வேண்டும். மிக்ஸிங் மேசையில் கையில் பிடித்துப் பார்க்கிற அளவு கூரை மட்டத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். காற்றின் 10 நிமிடச் சராசரியும் 3 நொடி வீச்சும் (திடீரென்று பலமாக அடிப்பது) வேறு வேறு. திறந்த வெளியில் வீச்சு சராசரியைப் போல ஒன்றரை மடங்கு போவது சாதாரணம், இடிமழையில் அதற்கும் மேல். பொறியாளர் கொடுத்த வரம்பு எதைக் குறிக்கிறது, எந்த அலகில் என்று தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். வானிலைக்காரர் 'நாட்' (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் சொல்ல, மானி கிலோமீட்டரில் காட்ட, தாளில் மீட்டர் இருந்தால் வாக்கி டாக்கியில் குழப்பம் நிச்சயம். 1 மீ/நொடி = 3.6 கி.மீ./மணி = 1.94 நாட். மானியின் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

இன்னொரு மேடையின் வரம்பு எண்களை ஸ்லைடில் போடாதீர்கள். யாராவது படம் எடுத்துக்கொண்டு போய் அப்படியே தங்கள் திட்டத்தில் ஒட்டுவார்கள். வரம்பு அந்தந்தக் கட்டமைப்புக்கு அதன் பொறியாளர் தருவது. துணி மறைப்பு போட்டால் ஒன்று, எடுத்தால் வேறு.

வாசல்_அகலம்:

வெளியேற்றத்துக்கு எட்டு நிமிடம் தாராளம், எண்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால்.

சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 82 பேர், படிக்கட்டில் 66 பேர். பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி தரும் அளவு இது. கூட்டம் 20,000, வெளிவழிகளின் மொத்த அகலம் 12 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 984 பேர், ஏறக்குறைய 20 நிமிடம். இப்போது 4 மீட்டர் வாசல் ஒன்று அடைபட்டதாக வையுங்கள். மீதி 8 மீட்டரில் 656 பேர், 30 நிமிடத்துக்கு மேல். திட்டத்தில் இந்த இரண்டாவது எண்ணும் இருக்க வேண்டும். பலர் எழுதுவது முதல் எண்ணை மட்டும்.

இதைப் புயலின் தூரமாக மாற்றிக் காட்டுங்கள். இடிமேகம் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வந்தால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். வெளியேற்றம் 20 நிமிடம், முடிவெடுத்து அறிவிக்க 5 நிமிடம். மேகத்துக்கு முன்னாலேயே பல கிலோமீட்டர் காற்று ஓடிவரும், அதற்கு 10 கி.மீ. வைக்கலாம். ஆக, மேகம் 35 கி.மீ. தொலைவில் இருக்கும்போதே முடிவு எடுத்தாக வேண்டும். அப்போது தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கலாம், கூட்டம் உற்சாகத்தில் இருக்கும். எல்லாரும் தயங்குவது இந்த இடத்தில்தான். முடிவை மனிதரின் துணிச்சலிடம் விடாமல் தாளில் எண்ணாக எழுதிவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மின்னலுக்குத் தனி வரம்பு: வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே 30 நொடி என்றால் சுமார் 10 கி.மீ., கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருப்பு. ஆனால் ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் இடி கேட்ட பிறகு ஆரம்பித்தால் தாமதம்தான்.

"எங்கே போவது" என்பதையும் விடாதீர்கள். கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை, உலோகக் கூரை மூடிய கார் பரவாயில்லை. உள்ளே வருபவர்களும் வெளியே போகிறவர்களும் ஒரே சரிவுப்பாதையில் மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2010-ல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் நடந்த லவ் பரேட் இசைவிழா, 21 பேர் உயிரிழந்தது, ஒரு வரிச் சான்று. வெளியேற்ற முடிவு எடுத்த அதே நொடியில் உள்வாசலை மூடிவிட வேண்டும்.

மேடைப்பலகை:

மூவருக்கும் நன்றி, கணக்குகள் அப்படியே பலகைக்குப் போகின்றன. இரண்டு சந்தேகம். அறிவிப்பைப் பற்றி ஒலிக்காரர்களுக்கு என்ன சொல்வது? 15 நிமிடத்தில் 80 பேருக்கு என்ன பயிற்சி சாத்தியம்?

ஃபேடர்:

அறிவிப்புல ரெண்டு பகுதி இருக்கு: என்ன சொல்றது, எதுல சொல்றது.

இண்டியானாவுல சரிவுக்குச் சற்று முன்னாடி மேடையிலிருந்து ஒரு அறிவிப்பு போச்சு. புயல் வருது, ஆனாலும் நிகழ்ச்சியை நடத்தப் பார்க்கிறோம்ங்கிற தொனியில. உடனே கிளம்புங்கன்னு அதுல இல்லை. கேட்டவங்க இடத்தை விட்டு நகரக் காரணமே கிடைக்கல. அதனால வாசகத்தை முன்கூட்டியே எழுதி, லேமினேட் பண்ணி, மைக் பக்கத்துலயே தொங்கவிடணும். நாலு வாக்கியம் போதும்: "கடும் காற்று வருகிறது, நிகழ்ச்சி நிறுத்தப்படுகிறது. மேடையை விட்டு விலகி, உங்களுக்கு அருகில் உள்ள பச்சை விளக்கு வாசலுக்கு இப்போதே நடந்து செல்லுங்கள். ஓட வேண்டாம். அடுத்த தகவல் திரையிலும் ஒலிபெருக்கியிலும் வரும்." "தயவுசெய்து", "முடிந்தால்" மாதிரி வார்த்தை வந்தா உத்தரவோட பலம் போயிடும்.

எதுல சொல்றது: அவசர மைக்கை மிக்ஸர் வழியா விடாதீங்க. ஒலிபெருக்கிகளுக்குப் போற சிக்னலைக் கட்டுப்படுத்துற சிஸ்டம் பிராசஸருக்கு நேராத் தனி உள்ளீடு, ஸ்டேஜ் மேனேஜர் இடத்துல, சுவிட்ச் வெச்ச மைக். தினமும் சவுண்ட் செக்ல அதையும் பேசிப் பார்க்கணும். அடிக்கடி நடக்கிற கோளாறு ஒண்ணு: மிக்ஸருக்கு யு.பி.எஸ். இருக்கும், ஆம்ப்ளிஃபயருக்கு இருக்காது. ஜெனரேட்டரை நிறுத்தினா மேசையில விளக்கு எரியும், வெளியில சத்தம் வராது. அதனால ஜெனரேட்டரை அணைக்கிற உரிமை யாருக்கு, எந்தக் கட்டத்துலன்னு தாள்ல இருக்கணும். வாசலுக்கு ஒண்ணா பேட்டரி மெகாஃபோனும் வேணும்.

ஒளிக்காரங்களுக்கு: பழைய மெட்டல் ஹாலைடு விளக்கை அணைச்சா மறுபடி முழுசா எரியப் பத்து நிமிஷம்கூட ஆகலாம். மைதான விளக்கு அந்த வகைன்னா நிகழ்ச்சி முழுக்க எரியவிட்டு மறைக்கணும், இல்லைன்னா எல்.இ.டி. வைக்கணும்.

பாட்டை நிறுத்தி, வெளிச்சம் போட்ட சில நொடிக்குள்ள முதல் வாக்கியம் போகணும். வெறும் அமைதியா விட்டா கூட்டம் கூச்சல் போடும், அப்புறம் எது சொன்னாலும் கேட்காது. நிறுத்துற உத்தரவு மேடை வரைக்கும் வந்து சேரணும்ங்கிறதுக்கு 2021-ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல நடந்த ஆஸ்ட்ரோவர்ல்ட் இசைவிழா சாட்சி. பலருக்கு ஆபத்துன்னு அதிகாரிகள் அறிவிச்ச பிறகும் அரை மணிக்கு மேல நிகழ்ச்சி ஓடுச்சு.

ரன்ஷீட்:

பயிற்சிக்கு: மேசைக்கு 8 பேர், 10 மேசை. ஒவ்வொரு மேசையிலும் பொறுப்பு அட்டைகள் கொடுங்கள், அவரவர் நிஜ வேலைக்கு மாறாக. ரிக்கர் கையில் கலைஞரின் மேனேஜர் அட்டை, ஒலிக்காரர் கையில் கூட்டப் பாதுகாப்பு அட்டை. கூடவே மேலே சொன்ன 20,000 பேர், 12 மீட்டர், 35 கி.மீ. கணக்கு ஒரு தாளில். பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தகவல் திரையில்:

18:10 – சராசரி 9 மீ/நொடி, வீச்சு 13.
18:20 – மேகம் 40 கி.மீ. தொலைவில், மணிக்கு 60 கி.மீ.
18:22 – கலைஞர் தரப்பு கேட்கிறது: "சீக்கிரமே ஆரம்பித்துவிடலாமா?"
18:24 – 4 மீட்டர் வாசலில் ஒரு லாரி நின்றுவிட்டது.
18:27 – வீச்சு 17.

18:24-ல்தான் பயிற்சியின் உயிர். அதுவரை 18:25-க்கு முடிவெடுத்தால் போதும் என்று மேசைகள் நிம்மதியாக இருக்கும். வாசல் போனதும் வெளியேற்றம் 30 நிமிடமாகிறது, வரம்பு 45 கி.மீ.-க்குத் தள்ளுகிறது, மேகமோ 36-ல் இருக்கிறது. கெடு முடிந்து 9 நிமிடம் ஆகிவிட்டது. கணக்கைத் திருப்பிப் போட்ட மேசை, முழு மைதானத்தையும் காலிசெய்ய முடியாது என்று கண்டு, மேடை விழக்கூடிய எல்லைக்குள் இருப்பவர்களை முதலில் நகர்த்தும். போடாத மேசை 18:27 வரை பேசிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மேசையும் "நிறுத்து" என்று சொன்ன நேரத்தைப் பலகையில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், மேசை எண் போதும்.

ஸ்டே_வயர்:

ரன்ஷீட் சொன்ன வரிசையில் ஒன்று சேர்க்க வேண்டும்: எல்.இ.டி. சுவரை எப்போது இறக்குவது. சுவரை ஏற்றி இறக்கும் வழக்கமான செயின் மோட்டார் நிமிடத்துக்கு 4 மீட்டர் ஓடும், 8 மீட்டர் இறக்க 2 நிமிடம் என்று தாளில் தெரியும். ஆனால் மேடையைக் காலிசெய்வது, கேபிளைத் தளர்த்துவது, கீழ்வரிசைப் பேனல்களைத் தரையில் உட்காரவைப்பது எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் வையுங்கள். வீச்சு வரம்பைத் தாண்டிய பிறகு கூரைக்கு அடியில் ஆளை அனுப்ப முடியாது. அதனால் சுவரை இறக்கும் வரம்பு, கூட்டத்தை வெளியேற்றும் வரம்புக்குக் கீழே இருந்தாக வேண்டும். பக்கவாட்டுத் துணியும் அப்படியே: ஏணியில் ஏறி அவிழ்க்கிற முடிச்சு வேண்டாம், தரையிலிருந்தே இழுத்தால் கழன்று விழுகிற பிடிப்பு வேண்டும்.

பயிற்சியில் 18:15-க்கு ஒரு தகவல் கூடுதலாகப் போடுங்கள்: "வீச்சு 14, சுவரை இறக்கும் வரம்பு எட்டியது." நிகழ்ச்சி தொடங்கும் முன்பே திரையை இழக்க எத்தனை மேசை சம்மதிக்கிறது என்று அதில் தெரியும். அது பயிற்சிக்கான எண் என்று தாளில் பெரிதாக எழுதிவிடுங்கள்.