நாசகாரிக் கப்பல்களில் பீரங்கி: 76 மி.மீ. போதுமா, 127 மி.மீ. வேண்டுமா?

குளச்சல் வாசகர்:
சீனாவின் 055 வகை நாசகாரிக் கப்பலில் 130 மி.மீ. பீரங்கியும், அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகையில் 127 மி.மீ. பீரங்கியும் இருக்கின்றன. ஆனால் சுமார் 7,400 டன் எடையுள்ள நமது விசாகப்பட்டினம் வகைக் கப்பல்களில் 76 மி.மீ. பீரங்கியைத்தான் பொருத்தியிருக்கிறார்கள். 1997-இல் படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். டெல்லியிலேயே 100 மி.மீ. பீரங்கி இருந்தது. கப்பல் வளர வளரப் பீரங்கி சிறுத்துப்போவது ஏன்? வருங்காலப் போர்க்கப்பல்களில் அதற்கு இடம் இருக்குமா? கடற்படையில் பணியாற்றியவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

முட்டம், ஓய்வுபெற்ற மாலுமி:
தம்பி, குழலின் விட்டத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். 76 மி.மீ. பீரங்கி நிமிடத்துக்கு 120 குண்டுகள் வரை சுடும். குண்டு ஒன்று சுமார் 6 கிலோ. அமெரிக்கர்களின் 127 மி.மீ. பீரங்கி நிமிடத்துக்கு 20 குண்டுகள் வரை சுடும். குண்டு ஒன்று சுமார் 31 கிலோ. பெருக்கிப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் வெளியேறும் எடையில் சின்னதுதான் சற்று முந்தி நிற்கிறது. பாய்ந்து வரும் ஏவுகணையையோ ஆளில்லா விமானத்தையோ வீழ்த்த எடையைவிட வேகம்தான் முக்கியம். எதிரிக் கப்பலைத் தாக்கும் வேலையை 16 பிரம்மோஸ் ஏவுகணைகள் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. கீழ்த்தளத்தில் ஆயத்தமாக இருக்கும் எண்பத்துச் சொச்சம் தோட்டாக்களும் (குண்டும் வெடிமருந்து உறையும் சேர்ந்தது தோட்டா) விடாமல் சுட்டால் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதன்பிறகு பன்னிரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள தோட்டாக்களை, கப்பல் ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி அடுக்க வேண்டும். மேலே முன்தளத்தில் சூடு ஆறாத வெற்று உறைகள் உருண்டு கிடக்கும்; அவற்றைப் பொறுக்கியவன் என்பதால் சொல்கிறேன்.

தூத்தூர் வாசகர்:
பெரிய பீரங்கி மீதுள்ள மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் சும்வால்ட் கப்பல்களே சாட்சி. கரையைத் தாக்குவதற்காகக் கப்பலுக்கு இரண்டு 155 மி.மீ. பீரங்கிகளை வைத்தார்கள், அவற்றுக்கென்றே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் பாயும் தனிக் குண்டு ஒன்றை உருவாக்கினார்கள். 32 கப்பல்கள் கட்டுவதாக இருந்த திட்டம் மூன்றாகச் சுருங்கியதும், குண்டு ஒன்றின் விலை சுமார் 8 லட்சம் டாலருக்கு ஏறியது. 2016-இல் குண்டு வாங்கும் திட்டத்தைக் கைவிட்டார்கள். வேறு எந்தக் குண்டும் அந்தக் குழலுக்குப் பொருந்தாததால், ஐஸ் இல்லாமல் ஆழ்கடலுக்குப் போன விசைப்படகின் கதையாகிவிட்டது. இப்போது அந்தப் பீரங்கிகளைக் கழற்றிவிட்டு அதிவேக ஏவுகணைகளுக்கு இடம் ஒதுக்குகிறார்கள்.

இதை வைத்துப் பீரங்கியின் காலம் முடிந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2023 இறுதியிலிருந்து செங்கடலில் நடந்த மோதல்களில் அமெரிக்கக் கப்பல்கள் 120 எஸ்.எம்.-2, 80 எஸ்.எம்.-6 வான்பாதுகாப்பு ஏவுகணைகளோடு 127 மி.மீ. குண்டுகளையும் 160 அளவில் செலவிட்டதாக அந்நாட்டுக் கடற்படை 2025 தொடக்கத்தில் தெரிவித்தது. மலிவான ஆளில்லா விமானத்துக்குப் பல லட்சம் டாலர் ஏவுகணையை விடுவது, சாளை பிடிக்கச் சுறாத் தூண்டில் போடுவதைப் போன்றது. தவிர, ஏவுகணைகளை வைக்கும் செங்குத்து ஏவுகுழல் காலியானால் அதை நடுக்கடலில் நிரப்புவது எளிதன்று. குண்டையோ கடலிலேயே கப்பலுக்குக் கப்பல் மாற்றிக்கொள்ளலாம்.

தக்கலை வாசகர்:
மின்காந்தப் பீரங்கியையும் சேர்த்துப் பேச வேண்டும். வெடிமருந்துக்குப் பதிலாக, இரண்டு தண்டவாளங்களில் பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சிக் குண்டைத் தள்ளுவார்கள். அந்த மின்னோட்டமும் உராய்வும் தண்டவாளங்களையே அரித்துத் தின்றுவிடுவதுதான் தீராத தலைவலி. அமெரிக்கக் கடற்படை 2010-இல் 33 மெகாஜூல் ஆற்றலில் சோதித்தும் 2021-இல் திட்டத்தை நிறுத்திவிட்டது. 2023-இல் கப்பலிலிருந்து சுட்டுக் காட்டிய ஜப்பான் முயற்சியைத் தொடர்கிறது. எங்கள் உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர் தளபதி டிலனாய் பீரங்கி வார்ப்பித்த காலத்திலும் குழல் தாங்குமா என்பதுதானே முதல் கவலையாக இருந்திருக்கும்!

குளச்சல் வாசகர்:
நன்றி. அப்படியானால் கரையைத் தாக்க 76 மி.மீ. போதுமா, அண்ணாச்சி?

முட்டம், ஓய்வுபெற்ற மாலுமி:
போதாது, அங்கே 127 மி.மீ. பீரங்கிதான் மேல். அதன் குண்டு சுமார் 24 கிலோமீட்டர் போகும், வெடிப்பும் பெரிது. ஆனால் அதற்கும் கப்பல் கரையை நெருங்கியாக வேண்டும். 1982 ஃபாக்லாந்து போரில், கரையிலிருந்த நிலைகளைச் சுட்டுவிட்டு விலகிக்கொண்டிருந்த பிரிட்டனின் கிளாமார்கன் கப்பலை, கரையிலிருந்து ஏவிய எக்சோசெட் ஏவுகணை தாக்கியது.